இரண்டாம் முறைக்கு மேல் இல்லை

பிப்ரவரி 11, 2025

ஹப்சிகுடா கோச்சிங் சென்டரில் காலை வகுப்பு. பைலட் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு வானிலைப் பாடம். நடத்திக்கொண்டிருக்கும்போதே விமானக் கம்பெனியிலிருந்து மெயில். பைலட் வேலைக்கான தேர்வில் நான் தேறவில்லை. ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை வரலாம், அதற்கு மேல் கிடையாது. பாடத்தை முடித்துவிட்டுத்தான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம். இன்னும் தரையில்தான் இருக்கிறேன்.

பிப்ரவரி 12

ஏன் தேறவில்லை என்று எனக்குத் தெரியும். சிமுலேட்டர் தேர்வில் இரண்டு பேரை ஜோடியாக உட்கார வைப்பார்கள். ஒருவர் ஓட்டுவார். மற்றவர் மீட்டர்களைக் கவனித்து, பிழை என்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என் ஜோடி பாலச்சந்திரன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருக்க வேண்டிய உயரத்திலிருந்து சரசரவென்று முந்நூறு அடி இறங்கிவிட்டார். பார்த்தேன். தேர்வாளர் எதிரில் அவரை மட்டம் தட்டுவதா என்று சும்மா இருந்துவிட்டேன்.

"பார்த்தீங்களா?" என்று தேர்வாளர் கேட்டார். பார்த்தேன் என்றேன். அதோடு முடிந்தது, இரண்டு பேருக்கும்.

அம்மாவிடம் சொன்னால், "பெரியவரை நாலு பேர் முன்னாடி எப்படிடி சொல்றது?" என்கிறாள். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறவள் நான். அங்கே மட்டும் எங்கிருந்து வந்தது இந்த மரியாதை?

ஏப்ரல் 6

அப்பா எதுவும் சொல்வதில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம்.

ஜூன் 19

மெடிக்கல் சர்டிபிகேட்டைப் புதுப்பித்தாயிற்று.

ஆகஸ்ட் 17

ஜோடிப் பட்டியல் வந்தது. எனக்கு அச்யுத்! அல்வால் பையன், போன வருடம் என்னிடம் படித்தவன். அவனுக்கு இது முதல் முறை. சாயங்காலம் போன் செய்தான்.

"மேடம், நான் ஏதாவது தப்பு பண்ணா விரலால காட்டிடுங்க. வாய்விட்டு நக்கோ, சொல்லவே வேணாம். எக்ஸாமினர் நோட் பண்ணிடுவார். நானும் உங்களுக்கு அப்படியே பண்றேன்."

பார்க்கலாம் என்றேன். முடியாது என்று ஏன் சொல்லவில்லை? மறுபடியும் அதே வாய், அதே பூட்டு.

ஆகஸ்ட் 19

தேர்வுக்கு அவன் பைக்கிலேயே போனோம். நான் ஓட்டியது பரவாயில்லை. பிறகு அவன் முறை. ஓடுதளம் நெருங்கும்போது வேகம் அளவுக்கு மீறிக் குறைய ஆரம்பித்தது. விரலைத் தூக்கினேன் — ஆமாம், தூக்கினேன், வெட்கமாக இருக்கிறது. அவன் பார்க்கவில்லை. முள் இன்னும் இறங்கியது.

"ஸ்பீட்" என்றேன். கை அசையவில்லை. "ஸ்பீட்!" இரண்டு முறை சொல்லியும் சரிசெய்யாவிட்டால் விமானத்தின் கட்டுப்பாட்டை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும், விதி அது. "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று வாங்கி மேலே ஏற்றினேன். பின்னால் தேர்வாளர் எதையோ எழுதும் சத்தம். அந்த விரலையும் எழுதியிருப்பாரா?

வெளியே வந்ததும் அச்யுத் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தனியாகப் போய்விட்டான். நான் ஏர்போர்ட் பஸ்ஸில் வந்தேன்.

ஆகஸ்ட் 25

மெயில் இல்லை.

ஆகஸ்ட் 29

இல்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்று அம்மாவிடம் சண்டை. உப்பு இருந்தது.

செப்டம்பர் 2

தேர்வாகிவிட்டேன். அப்பா மெயிலை என் கையிலிருந்து வாங்கி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தார். சந்தோஷம், பயங்கர சந்தோஷம்.

பட்டியலில் அச்யுத் பெயர் இல்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை.

செப்டம்பர் 13

கடைசி வகுப்பு. திங்கட்கிழமை பயிற்சிக்கு டெல்லி போகிறேன். வானிலைப் பாடத்தை இனி அச்யுத் எடுக்கப்போகிறானாம், இன்றைக்குத்தான் சொன்னார்கள்.

பிள்ளைகள் போன பிறகு வந்தான். என் பாடக் குறிப்புகளைக் கொடுத்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து புரட்டினான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பினான்.

"இந்தக் கணக்கு தப்பு மேடம்."

பார்த்தேன். தப்புதான். மூன்று வருடமாக இதைத்தான் நடத்தியிருக்கிறேன்.

"நான் படிக்கறப்பவே பார்த்தேன்," என்றான்.

பேனாவை நீட்டினேன். அடித்துத் திருத்தினான்.