பலா மரத்தடிக்கு இரண்டு நாற்காலி

ஆகஸ்ட் 14, 2024, புதன்

போளூரில் ஏழரை பஸ். வழியில் ஆடுகளுக்காக இரண்டு முறை நின்று, பத்து மணிக்கு ஜமுனாமரத்தூர். பதினொன்றுக்கு போர்டு மீட்டிங். பதினொன்று பத்துக்கு டீ. நடுவில் இருந்த பத்து நிமிடத்தில் எட்டுத் தீர்மானங்கள் நிறைவேறிவிட்டன.

பதினெட்டு வருடம் வேலூரில் ஒரு கல்லூரியில் கம்பெனிச் சட்டம் நடத்தியவள் நான். போர்டு எப்படி நடக்க வேண்டும் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஆனால் போன மாதம் இந்த மலை உழவர் கம்பெனியில் நிபுணர் டைரக்டராக என்னைச் சேர்க்கும் வரை ஒரு போர்டையும் நேரில் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன். சேர்மன் சடையன் படிக்கிறார். அர்ச்சுனன், பார்த்திபன், அமுதவல்லி, திரௌபதி நான்கு டைரக்டர்களும் 'சரிங்க' என்கிறார்கள். மேனேஜர் அருண்ராஜ் எழுதுகிறார். இல்லை — அவர் முதல் நாளே எழுதிவிடுகிறார். சடையன் படிப்பதே அதைத்தான்.

ஒன்பதாவதில்தான் நிமிர்ந்தேன். சாமை உடைக்கிற மெஷின் வந்து ஷெட்டில் இறங்கியாகிவிட்டது. அதை ஐந்து வருடத்துக்கு நடத்தும் பொறுப்பு சதீஸ்குமார் என்பவருக்கு. யார் அவர் என்று கேட்டேன்.

"நம்ம மருமவன்தாங்க," என்றார் சடையன். "போளூர் ரைஸ் மில்லுல எட்டு வருசம் இருந்தவன்."

அதைத் தீர்மானத்தில் சொல்ல வேண்டாமா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அருண்ராஜ் உட்பட.

"ஊருக்கே தெரிஞ்ச மருமவன் மேடம். இதுல மறைக்கிறதுக்கு இன்னா இருக்குது?"

பதில் எனக்குத் தெரியும். வகுப்பில் என்றால் நாற்பது நிமிடம் சொல்வேன். அங்கே, ஒன்பதாவதை மட்டும் தள்ளிவைக்கச் சொன்னேன். அதற்கும் 'சரிங்க'.

ஆகஸ்ட் 15

ராஜினாமாக் கடிதம் எழுதினேன். நாலு வரி. தேதி போடவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

மில்லை நடத்த விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டச் சொல்லியிருந்தேன். ஒட்டிப் பத்து நாள் ஆகிறது. வந்தது ஒன்று: சதீஸ்குமார். கையெழுத்து அழகாக இருக்கிறது.

நிவேதாவுக்கு போன் செய்து, நீயும் போடு என்றேன். என் பழைய மாணவி. வேலூரில் சிறுதானியம் உடைக்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறாள். இந்தப் பக்கம் சரக்கு எடுக்க வந்தால் போளூரில் என் வீட்டில்தான் தங்கல். மாதத்தில் பாதி நாள் இங்கேதான். என் சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டே "மேம், உப்பு கம்மி" என்பாள். கெட்டிக்காரி. உடனே அனுப்பிவிட்டாள்.

போட்டி இருந்தால்தான் நிர்வாகம் ஒழுங்காகும். இன்று உருப்படியாக ஒன்று செய்த திருப்தி.

செப்டம்பர் 11, புதன்

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

படிவம் ஒன்றை நானே தமிழில் தயாரித்துக் கொண்டுபோனேன். 'இந்த விஷயத்தில் விண்ணப்பதாரர் உங்களுக்கு உறவா? என்ன முறை?' பிறகு பொறுமையாக விளக்கினேன்: உறவு இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைப் பற்றிப் பேசும்போது அந்த டைரக்டர் அறையில் இருக்கக் கூடாது. கோபத்தில் சொல்லவில்லை, சட்டத்தில் இருக்கிறது என்றேன். மிகவும் கவனமாகக் கேட்டார்கள். பேனா கேட்டார்கள்.

அர்ச்சுனன் சதீஸ்குமாருக்குச் சித்தப்பா முறை. அமுதவல்லியின் அண்ணன் மகனுக்கு சதீஸ்குமாரின் தங்கையைக் கொடுத்திருக்கிறார்கள். பார்த்திபன் பங்காளி. திரௌபதி இன்னொரு தாள் கேட்டார். ஒரு பக்கம் போதவில்லை. பெரிய பையன் வழியில் ஒரு முறை, சின்ன மருமகள் வழியில் வேறொரு முறை, எதை எழுதுவது என்று சடையனிடமே கேட்டார். அவர் இரண்டையும் எழுதச் சொன்னார்.

அப்புறம், நான் சொன்னபடியே, ஐந்து பேரும் ஒழுங்காக எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

அறையில் நானும் அருண்ராஜும் ஐந்து காலி நாற்காலிகளும். "மேடம், கோரம் இல்ல, தீர்மானம் போட ஆள் பத்தாது," என்றார் அவர், வருத்தமான குரலில். சிரிப்பை அடக்குகிற குரல் அது. பதினெட்டு வருட ஆசிரியைக்கு அது தெரியாதா?

வெளியே பலா மரத்தடியில் வேர்க்கடலை உரிக்கிற சத்தம், பேச்சு, சிரிப்பு. கால் மணி நேரம் கழித்துத் திரௌபதி ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், முடிவு பண்ட்டீங்களா? இல்ல நாங்க சாப்பாட்டுக்குப் போய்ட்டு வரட்டுமா?"

செப்டம்பர் 12

நேற்றுத் திரும்பும் பஸ்ஸில் பாதி மலை வரைக்கும் கோபம். ஒரு வளைவில் அந்த ஐந்து காலி நாற்காலிகள் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார்.

அவர்கள் என்னைக் கேலி செய்யவில்லை. சொன்னதை அப்படியே செய்தார்கள். அதுதான் பிரச்சினை. ஒருவரை ஒருவர் தெரியாத ஊர்களுக்காக எழுதிய விதி அது. இங்கே தெரியாதவள் நான் ஒருத்திதான்.

செப்டம்பர் 20, வெள்ளி

திரௌபதியைத் தனியாகப் பார்க்க நெல்லிவாசல் போனேன். ஷேர் ஜீப்பில் பத்துப் பேருக்கு நடுவில் ஒரு மணி நேரம், பிறகு நாலு கிலோமீட்டர் நடை. இந்த வழியில்தான் அவர் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் வருகிறார், நான் பஸ்ஸைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிறேன்.

கொல்லையில் குருவி விரட்டிக்கொண்டிருந்தார். சாமை இடுப்பு உயரம். "மேடம் நடந்தா வந்தீங்க?" என்று இரண்டு முறை கேட்டார். நம்பவில்லை.

களியும் கீரையும் போட்டுவிட்டுத்தான் பேசவே விட்டார். சதீஸ்குமார் வேண்டாமா என்று நேராகக் கேட்டேன். நல்ல பையன்தான், மெஷினின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வான் என்றார். சடையனும் நல்லவர், இந்தப் பக்கம் ஜீப் வருவதே அவர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததால்தான். பிறகு கீரைப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்.

"நாங்க மூட்டைய தலையில வச்சி நாலு கிலோமீட்டர் நடக்கணும். கல்லு இருக்குது, ஈரமா இருக்குதுன்னு மில்லுல திருப்பி அனுப்பினா, திரும்ப நாலு கிலோமீட்டர். அவன் சொல்றது நியாயமா இல்லியான்னு யார்கிட்ட போய்க் கேக்கறது? மாமனார்கிட்ட போய் மருமவனப் பத்திப் பேச முடியுமா? கேக்காமலே திரும்பி வந்துடுவாளுங்க மேடம். அடுத்த வருசம் சாமையே போட மாட்டாளுங்க."

நான் நாற்பது நிமிடத்தில் சொல்வதை இவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

மீட்டிங்கில் ஏன் சொல்லவில்லை என்றேன். முகத்துக்கு நேரே எப்படி என்றார். அப்படியானால் அவர் முகம் அங்கே இல்லாவிட்டால்? ஆனால் உறவு விதிப்படி எல்லோரும் அல்லவா வெளியே போக வேண்டியிருக்கிறது என்றேன்.

"சொந்தம்னு பாத்தா மலையே சொந்தம்தாங்க. அதப் பாக்காதீங்க. எந்த அடுப்புல சாப்புடறான்னு பாருங்க. வூடு தனி, அடுப்பு தனின்னா அவன் லாபம் அவனுக்கு. சதீசு மாமனார் வூட்டோட இருக்கான். அந்த அடுப்பு ஒண்ணு."

இறங்கும்போது ஜீப்பில் அதைப் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

அக்டோபர் 3

சடையன் ஒரு பாட்டில் தேன் கொடுத்தனுப்பியிருக்கிறார். எதற்கு? இப்போது எதற்கு? மூன்று நாள் அதைத் தொடாமல் அலமாரியில் வைத்துச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று அருண்ராஜுக்கு போன் செய்தால், வருடா வருடம் எல்லா டைரக்டருக்கும் ஒரு பாட்டிலாம். திறந்தேன். நல்ல தேன்.

அக்டோபர் 16, புதன்

முதல் விஷயமாக அடுப்பு விதியை வைத்தேன். சட்டம் கேட்கிற உறவுப் பட்டியலைப் பதிவேட்டில் தனியாக எழுதிக்கொள்வோம். ஆனால் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த டைரக்டர் எழுந்து போக வேண்டும், கூப்பிடும் வரை வரக் கூடாது. எல்லோரும் 'சரிங்க'. சடையனும்.

அடுத்தது மில். அருண்ராஜ் தலைப்பைப் படித்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. திரௌபதி சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்காவிட்டால் என்ன செய்வேன்? போங்கள் என்று அந்த மனிதரிடம் என்னால் சொல்ல முடியுமா? — ஏன் முடியாது, அதற்குத்தானே இங்கே இருக்கிறேன் — முடியாது.

சடையன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க வூட்டு அடுப்புதான்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். போகும்போது கதவைச் சாத்தினார், மெதுவாக.

பேச வாயெடுத்தேன். திரௌபதி முந்திக்கொண்டார்.

"மேடம், அந்த நிவேதா பொண்ணு மில்லப் பாக்க வந்துச்சே. நம்ம மேடத்த எப்டிம்மா தெரியும்னு கேட்டேன். மாசத்துல பாதி நாள் உங்க வூட்டு சாப்பாடுதான்னு சொல்லிச்சி." சுருட்டிய முந்தானையை விட்டார். "சாம்பார்ல உப்பு கம்மியாம்."

அறையே என்னைப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். நானே படிவம் தயாரித்தவள். நிவேதாவை எழுதத் தோன்றவே இல்லை. அவள் நல்லவள் என்று எனக்குத் தெரியும் — அதுதானே சடையனும் சொன்னது?

எழுந்தேன். வயதுக்கு மீறி மெதுவாக எழுந்தேன் என்று நினைக்கிறேன்.

பலா மரத்தடியில் சடையன் வேரில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார், மீட்டிங் அதற்குள் முடிந்ததோ என்று. காரணத்தைச் சொன்னேன். முதலில் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகு முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார். நானும்தான்.

எனக்கு உட்கார இடம் இல்லை. இன்னொரு வேரைத் துண்டால் தட்டிக் கொடுத்தார். எறும்பு.

"உள்ள இன்னா பேசறாங்கன்னு கேக்குதா மேடம்?"

கேட்கக் கூடாது என்றேன்.

"எனக்குக் கேக்கல. அதனாலதான் உங்களக் கேட்டேன்."

ஐம்பது நிமிடம். திரௌபதியின் குரல் உயர்ந்தது ஒரு முறை தெளிவாகக் கேட்டது. அவர் அறைக்குள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சடையனும் கேட்டிருக்க வேண்டும். "அம்மாவுக்கு இவ்ளோ குரல் இருக்குதா?" என்றார். கோபமாக அல்ல, கொஞ்சம் யோசனையாக.

முடிவு: சதீஸ்குமாருக்கே. ஐந்து வருடம் இல்லை, ஒரு பருவம். மூட்டையைத் திருப்பி அனுப்பினால் காரணத்தைச் சல்லடையில் போட்டு அங்கேயே காட்ட வேண்டும். வழக்கு வந்தால் திரௌபதியும் அமுதவல்லியும் கேட்பார்கள். சேர்மனிடம் போகக் கூடாது. ஒரு பருவம் என்றதும் சடையனுக்கு முகம் சுருங்கியது. எனக்கும்தான் சுருங்கியது, நான் உள்ளே இருந்திருந்தால் நிவேதாவுக்காக வாதாடியிருப்பேன். ஆளுக்கொரு ஏமாற்றத்தோடு இருவரும் 'சரிங்க' என்றோம்.

அக்டோபர் 17

நிவேதாவிடம் சொன்னேன். "வேலூர்லேர்ந்து வந்து ஓட்டறவள விட மலையிலேயே இருக்கிறவரே மேல், மேம். நானா இருந்தாலும் அப்படித்தான் முடிவு பண்ணுவேன்," என்றாள். என்னிடம் படித்தவள்தானா? சாம்பார் கதையை ஏன் ஊருக்கெல்லாம் சொன்னாய் என்று திட்டினேன். இன்று உப்பு சரியாகப் போட்டேன்.

நவம்பர் 27

முதல் சாமை உடைந்தது. நெல்லிவாசலிலிருந்து பதினாலு மூட்டை. மூன்றைத் திருப்பினார் சதீஸ்குமார். சல்லடையில் காட்டினார். இரண்டில் கல். மூன்றாவதில் ஒன்றும் இல்லை என்று திரௌபதி வாதாடி, மூன்றாவதை உள்ளே ஏற்றிவிட்டார். சடையன் அந்த நேரம் முழுக்க ஷெட்டுக்கு வெளியே லாரிக்காரரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம். அருண்ராஜ் சொன்னது.

டிசம்பர் 11, புதன்

மீட்டிங் ஒன்றே முக்கால் மணி நேரம். டீ ஆறிவிட்டது. அருண்ராஜ் இப்போதெல்லாம் முன்கூட்டி எழுதுவதில்லை. எழுதினாலும் அடிக்க வேண்டியிருக்கிறது என்கிறார்.

ஏழாவது தீர்மானம் சடையன் கொண்டுவந்தது: பலா மரத்தடிக்கு இரண்டு நாற்காலி. எறும்பு தொல்லை என்று காரணமும் எழுதச் சொன்னார். ஒருமனதாக நிறைவேறியது. நாற்காலிகளை வெளியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம்.

எட்டாவது, பாக்கெட் போடும் வேலைக்கு ஆள் எடுப்பது. அருண்ராஜ் தலைப்பை முடிப்பதற்குள் அர்ச்சுனன் எழுந்துவிட்டார். அவர் மனைவி விண்ணப்பம் போட்டிருக்கிறாராம். எங்கள் யாருக்கும் தெரியாது. அமுதவல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு, தன் மருமகளும் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே போனார்.

மீதி நான்கு பேர். கோரம் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு நாற்காலியும் நிரம்பியிருந்தன.

மூன்றாவது ஒன்று வாங்க வேண்டும். அடுத்த மீட்டிங்கில் வைக்கிறேன்.