தவுந்தா மேட்டில் பத்து நாள்

ரங்கூன், மிங்கலா தாங்ஞுன்ட்
1926 டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை

அத்தான் அவர்களுக்குத் தைலம்மாள் வணங்கி எழுதிக்கொண்டது. நானும் அப்பாசாமி அண்ணனும் ஒருவாறு இருக்கிறோம். அங்கே உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதென்று தெரியவில்லை.

மாதம் தவறாமல் உங்கள் கடிதம் வருகிறது. சுகம், சுகத்துக்கு எழுதவும் என்ற இரண்டு வரிக்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதில்லை. பதில் எழுத உட்கார்ந்தால் எனக்கும் ஒன்றும் ஓடுவதில்லை. ஆனால் போன வாரம் அண்ணனுக்கு நீங்கள் எழுதியதை அவர் வாசித்துக் காட்டினார். சர்வே துரைமார் கிறிஸ்துமஸுக்குக் கீழே இறங்கிவிடுகிறார்கள், மேட்டுமேல் இருக்கும் பலகை வீடு தை பிறக்கிறவரைக்கும் சும்மாதான் கிடக்கும், காவலுக்கு நான் மட்டும் இருப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. அந்த வீட்டில் பத்து நாள் வந்து இருக்கட்டுமா?

அண்ணனிடம் கேட்டுவிட்டேன். ரயில்வேயில் அவருக்கு நான்கு நாள் லீவு கிடைக்குமாம். 27ஆம் தேதி திங்கட்கிழமை புறப்பட்டு, தாசி ஜங்ஷனில் வண்டி மாறி, தவுந்தா ஸ்டேஷனில் என்னை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு மறு வண்டியிலேயே திரும்பிவிடுவதாகச் சொல்கிறார்.

என்னென்ன கொண்டுவருவதென்று பட்டியல் போட்டிருக்கிறேன். கம்பளி இரண்டு, மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசி, புளி, மிளகாய், கருவாடு, எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடி. குடிக்கத் தண்ணீர் எவ்வளவு தூரத்தில்? கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? பாம்பு நடமாட்டம் உண்டா? கொசுவலை வேண்டுமா? கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் கள்ளியும் பனையும்தான், மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும் என்று முன்பு லீவில் வந்தபோது சொல்லியிருக்கிறீர்கள். இந்த வருஷம் இந்தத் தகரக் கூரைக்குக் கீழே மழையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஈரமே இல்லாத ஓரிடத்தில் கொஞ்ச நாள் மூச்சு விட வேண்டும் போலிருக்கிறது.

நேற்று கம்பளி எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். மேலாக நம் கமலாட்சியின் மஞ்சள் சட்டை. நாலு வயசுக்குப் பெரிதாக இருக்கட்டும், அடுத்த வருஷமும் போடலாம் என்று தைத்தது. பெட்டியை மூடிவிட்டேன். அண்ணன் வந்துதான் கம்பளியை எடுத்துக் கொடுத்தார்.

ஆனி மாதம் அவளுக்குத் தகப்பன் போட வேண்டிய மண்ணை அண்ணன் போட்டார். அந்த ஆத்திரத்தில் நான் உங்களுக்கு என்னென்னவோ எழுதினேன். அதை மனதில் வைக்காதீர்கள். நீங்கள் எழுதியதுபோல் ஓடையில் வெள்ளம் வந்து தந்திக் கம்பி அறுந்து, தந்தி மூன்று நாள் கழித்துக் கிடைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தீபாவளிக்கும் நீங்கள் வராதது என் கடிதத்தால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள்
தைலம்மாள்

*

தவுந்தா மேடு, சர்வே முகாம்
டிசம்பர் 11

சௌபாக்கியவதி தைலம்மாளுக்கு அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நீ கேட்டதற்கெல்லாம் முதலில் பதில் எழுதிவிடுகிறேன். வீடு தேக்குப் பலகையால் கட்டியது. ஒரே அறை, முன்னால் சின்னத் தாழ்வாரம். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. தண்ணீர் இரண்டு மைலுக்கு அப்பாலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாயில் வருகிறது. வாரம் இரண்டு நடை. குளிப்பதற்கு அளந்துதான் ஊற்றிக்கொள்ள வேண்டும். இந்தக் குளிரில் பாம்பு வெளியே வராது. கொசு இல்லை. பகலில் தலை வெடிக்கிற வெயில், பொழுது சாய்ந்தால் பல் கிட்டும். காற்று மட்டும் ஓயாது. மணல் சோற்றிலும் விழும்.

இவ்வளவும் எழுதிவிட்டு வராதே என்று எழுதுகிறேன். காரணத்தை வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்கக் கூடாது.

கம்பி அறுந்தது என்று நான் எழுதியது பொய். தந்தி தாமதமாக வரவில்லை. அண்ணன் கொடுத்த அன்றே, புதன்கிழமை மத்தியானம், என் கைக்கு வந்துவிட்டது. குழந்தைக்குக் கடும் ஜுரம், உடனே வரவும் என்று இருந்தது. துரை அந்த நிமிஷமே லீவு கொடுத்து, தன் வண்டியிலேயே ஸ்டேஷனுக்கு அனுப்பினார். டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். வண்டி வந்து நின்றது. ஸ்டேஷன் வாசலில் கடை வைத்திருக்கும் காஜா மைதீன் ராவுத்தர் என் மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்து, ஏறுங்க தம்பி, ஏறுங்க என்று இரண்டு தடவை சொன்னார். எனக்குக் கால் வரவில்லை. வண்டி நகர்ந்ததும் அவரே ஓடிப்போய் மூட்டையை எடுத்து வந்தார்.

ஏன் என்று என்னையே ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் போய்ப் பார்க்காதவரை அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று அப்போது என் மனசுக்குப் பட்டது. வீட்டு வாசலில் துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்புக் கும்பலைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. இதை நியாயம் என்று சொல்லவில்லை. ஏறியிருந்தால் வியாழக்கிழமை காலையில் வீட்டில் இருந்திருப்பேன். அவள் போனது அன்று சாயங்காலம்.

நீ எழுதிய கடுதாசியில் இருந்த வசவெல்லாம் எனக்குத் தகும். அதை நீ திரும்ப எடுத்துக்கொண்டதுதான் என்னால் தாங்க முடியவில்லை. உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அண்ணனோடு அங்கேயே இரு. உன் சௌக்கியத்துக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
செல்லையா

*

மிங்கலா தாங்ஞுன்ட்
டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை

அத்தானுக்கு,

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று நாள் பதில் எழுதவில்லை. முதல் நாள் அடுப்பு மூட்டவில்லை. உங்களை வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்து வீட்டு மா சேன் ஓடிவந்து என்ன என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அண்ணனும் கேட்டார். நீங்கள் எழுதியதை அவரிடம் காட்டவில்லை. இனியும் காட்ட மாட்டேன்.

மன்னித்தேன் என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. என்றைக்காவது வருமா என்றும் தெரியவில்லை. இல்லாததை எழுதி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடமும் இருக்கிறது. அந்த வியாழக்கிழமை முழுக்க அவள் அப்பா எங்கே, அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தந்திக்குப் பதிலே வரவில்லை. நானாகத்தான் சொன்னேன், அப்பா வண்டியில் ஏறிவிட்டார் என்று. எந்த ஸ்டேஷன் வந்திருக்கிறது என்று கேட்டாள். யமேதின் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள், பின்மனா என்றேன். பிறகு தவுங்கூ. ஒவ்வொரு தடவையும் சரி என்று கண்ணை மூடிக்கொள்வாள். பெகு வந்துவிட்டது, இனி அரை நாழிகைதான் என்று சொன்னபோது சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

நீங்கள் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நம்பித்தான் அவள் போனாள். பொய் சொல்லி அனுப்பிவிட்டேனே என்று ஆறு மாதமாக நான் வெந்துகொண்டிருந்தேன். நல்ல காரியம்தான் செய்தாய் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். யாரிடம் சொல்ல? இங்கே என் எதிரில் அவள் பேரையே யாரும் எடுப்பதில்லை. அண்ணன்கூட அவள் விளையாடிய மரப் பெட்டியைப் பரண்மேல் மறைத்து வைத்துவிட்டார். எல்லாம் என்மேல் உள்ள அன்பினால்தான். ஆனால் அப்படி ஒரு பிள்ளை இந்த வீட்டில் இருந்ததே இல்லை என்பதுபோல ஆகிவிட்டது.

ஆகவே நான் வருகிறேன். பழையபடி குடித்தனம் நடத்தவா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. பத்து நாளும் நீங்கள் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டாலும் சரி, குளிருக்குக் கம்பளி கொண்டுவருகிறேன். அண்ணனுக்கு லீவு உத்தரவாகிவிட்டது. திங்கட்கிழமை ஏறுகிறோம், செவ்வாய்க்கிழமை பகல் வண்டியில் தவுந்தா வருவோம். அண்ணன் எதிரில் ஒன்றும் பேச வேண்டாம். தண்ணீர் வண்டிக்காரரிடம் அந்த வாரம் இன்னொரு நடை வரச் சொல்லிவையுங்கள். வராதே என்று மறுபடி எழுதினால் நான் அதைப் பிரிக்கப்போவதில்லை.

லீவில் வரும்போதெல்லாம் சாயங்காலம் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு பசுண்டாங் ஓடைப் பக்கம் படகு பார்க்கப் போவீர்கள். நான் சமைத்துக்கொண்டிருப்பேன், ஒருநாளும் கூட வந்ததில்லை. அங்கே அவள் என்ன பேசினாள், எதைக் காட்டிக் கேட்டாள், எதற்குச் சிரித்தாள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அது உங்கள் ஒருவரிடம்தான் இருக்கிறது. ஒன்று விடாமல் நினைவுபடுத்தி வையுங்கள், அத்தான். அதைக் கேட்கத்தான் வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு காற்றில் நிற்காதீர்கள்.

கமலாட்சியின் அம்மா,
தைலம்மாள்