மூலம் என்று சொல்லி வைத்தது

அக்டோபர் 3, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மலை மேல் மேகம், மழை மட்டும் இல்லை.

வேலை: பெட்ஷீட் இரண்டு ஊறவைத்தது. இவருக்கு ஷேவிங். ரேஷன் நாளை. துத்தி இலை பறிக்கணும்.

இவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி மாற்றியது இன்று நான்கு முறை. நான்கு முறையும் எனக்குக் கீழே இறங்கியது. நான்கு முறையும் பாத்ரூமுக்குப் போய் விரலால் உள்ளே தள்ளினேன். முன்பெல்லாம் வெளிக்குப் போனால்தான் வரும், தானாகவே உள்ளே போய்விடும். இப்போது தும்மினால் வருகிறது. பாவாடையில் சளி மாதிரி ஈரம், சில நாள் ரத்தம். இவர் துணியோடு சேர்த்துத் துவைப்பதால் யாருக்கும் தெரியாது.

மூலம். இரண்டு வருடமாக அதற்கு அதுதான் பெயர். வைத்தது நான்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் மூலத்துக்கு மருந்து தருகிற ஒருத்தரிடம் போனேன். "பாக்கணும்மா" என்றார். "எனக்குத் தெரியும், மூலம்தான், மருந்து மட்டும் குடுங்க" என்றேன். கொடுத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இவர் வாதம் வந்து விழுந்து மூன்று வருடம். வலது கை, வலது கால் வராது. பேச்சில் மிச்சம் மூன்று வார்த்தை: ஏய், தண்ணி, வேணாம். பஸ் ஓட்டின உடம்பு, இன்னும் கனம் குறையவில்லை. துடைத்துவிடும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். "இதுல இன்னா வெக்கம், எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்று தினமும் சொல்கிறேன். எனக்குப் பேச்சுக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு. மகள் கவி வாங்கிக் கொடுத்த நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறேன். ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை.

நேற்று பௌர்ணமி. மத்தியானமே கிரிவலக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. மூன்று மணிக்கு இவரைத் தூக்கும்போது கால் வழுக்கி, முழு பாரமும் என் மேல். இறங்கியது. தள்ளினேன், போகவில்லை. படுத்துக்கொண்டு தள்ளினேன். குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மணி நேரம். கைக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு சாண் இருக்கும் போல, வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில். அப்போதுதான் பயம் வந்தது.

பௌர்ணமிக்கு எங்கள் அடி அண்ணாமலைக்குள் ஆட்டோ வராது. தடுப்பு போட்டுவிடுவார்கள். ஆம்புலன்ஸ் நிற்கிற இடம் ஒன்றரை கிலோமீட்டர். பழைய வேட்டியைக் கிழித்து மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இவரிடம் "கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றேன். டிவியைப் போட்டுவிட்டுப் பூட்டினேன்.

நடந்தேன். சுற்றிலும் அரோகரா. கால் அகட்டி, அடி மேல் அடி வைத்து நான். நின்றால் பின்னால் வருகிறவர்கள் இடிக்கிறார்கள், உட்கார இடமில்லை. பந்தலில் ஒருத்தர் மோர் நீட்டினார். "குடிங்கமா, புண்ணியம்." யாரோ ஒரு பெண் தன் புருஷனிடம், "இந்த வயசுல எவ்ளோ பக்தி பாருங்க" என்றாள். அவளை அறைய வேண்டும் போல் இருந்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

இங்கே டாக்டரம்மா, சின்ன வயசு, கண்ணாடி போட்டவர். பார்த்த உடனே ஆயாவிடம், "டீக்கடையில சக்கரை வாங்கிட்டு வாங்க, ஒரு கிலோ" என்றார். எனக்குப் புரியவில்லை. நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இவர்களுக்கு டீ கேட்கிறதா என்று ஆத்திரம். சர்க்கரை எனக்குத்தான். அந்த வீக்கத்தின் மேல் அப்படியே கொட்டினார்கள். நீரை இழுத்துவிடுமாம். அரை மணியில் சுருங்கியது. பிறகு கையால் உள்ளே தள்ளினார். வலியில் கத்தினேன். வெட்கப்பட நேரமே இல்லை.

"எத்தன வருஷமாங்க?"

"ரெண்டு. மூலம்னு இருந்துட்டேன்."

"இது மூலம் இல்லைங்க."

கவிக்கு ஆஸ்பத்திரியிலிருந்துதான் போன். அவள் ஏறின கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். இறங்கி நடந்து, பூட்டைத் திறந்து அப்பாவைப் பார்க்க ஐந்து மணி நேரம். அவ்வளவு நேரமும் ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். முதுகில் தோல் உரிந்திருக்கிறதாம். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை, ஆனால் கோபம்.

அக்டோபர் 8, புதன்

ராத்திரி மழை. பக்கத்துக் கட்டில் அம்மாள் விடாமல் இருமல்.

கவி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் வந்தாள். டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மறக்காமலிருக்க எழுதுகிறேன்.

மூலம் என்றால் ரத்தக்குழாய் புடைப்பது. இது மலக்குடலே இறங்குவது. சட்டைக் கையை உட்புறமாகப் பிடித்து இழுத்தால் வெளியே வருமே, அப்படி. வெளியே வந்ததில் வளையம் வளையமாக மடிப்பு இருந்தால் இதுதான். காரணம்: வருடக்கணக்கில் முக்கினது, பிரசவம், பாரம் தூக்கினது, வயசு. சத்துணவுக்கூடத்தில் வேலை பார்த்தபோது அரிசி மூட்டையை நகர்த்தினதும் சேர்த்திதானா? "எல்லாம் சேர்த்திதாங்க."

மருந்தால் போகாது. இறுக்குகிற பயிற்சியாலும் இவ்வளவு முற்றினது போகாது. கீரை, தண்ணீர், முக்காமல் இருப்பது — மோசமாகாமல் இருக்க மட்டும்.

ஆபரேஷன் இரண்டு விதம். வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டு, குடலை மேலே இழுத்து முதுகெலும்போடு தைப்பது, முழு மயக்கம், திரும்ப வருவது கம்மி. இல்லாவிட்டால் கீழ் வழியாகவே, நீண்டு வந்ததை வெட்டித் தைப்பது. முதுகில் ஊசி போட்டால் போதும். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். திரும்ப வருவது ஜாஸ்தி. அதற்கு முன் குழாய் விட்டு உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஒன்றும் செய்யாவிட்டால்? "இன்னொரு தடவ மாட்டிக்கும். ரத்த ஓட்டம் நின்னு அழுகிடும். அப்ப நாங்க சாய்ஸ் குடுக்க முடியாதுங்க." போகப் போக அடக்கவும் முடியாமல் போகுமாம். அது ஏற்கெனவே கொஞ்சம் ஆரம்பித்துவிட்டதை நான் சொல்லவில்லை.

சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றதும், "கீழ் வழியாவே செஞ்சிடுங்க" என்றேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "எது செஞ்சாலும் மூணு மாசம் அவரத் தூக்கக் கூடாது. தூக்குனா நான் தெச்சது நிக்காது. உங்க பி.பி. கட்டுப்பாட்டுல இருக்கு, வயித்து வழி செய்யலாம். யார் தூக்குவாங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க."

கவி கேட்டாள்: "சின்ன வயசுக்காரங்களுக்கும் வருமா டாக்டர்?" வரும் என்றார். இவளுக்கு எதற்கு இந்தக் கேள்வியெல்லாம் என்று நினைத்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

வீடு. இவர் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைக்குப் போனவள் நான்கு நாள் கழித்து வந்தால் வேறென்ன செய்வார்.

முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டேன். கவி புரட்டிப் பிடித்தாள். தூக்க நான் கை நீட்டினால் தட்டிவிடுகிறாள்.

சாயங்காலம் இவரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். மூலம் இல்லை, குடல், இரண்டு வருடம், பாத்ரூம், சர்க்கரை. முப்பத்தெட்டு வருடத்தில் இவரிடம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசினதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சாப்பாட்டை ஊட்டப் போனால், "வேணாம்." தண்ணீர்? "வேணாம்." சாப்பிட்டால்தானே வெளிக்கு வரும், தூக்க வேண்டும். அவர் கணக்கு அப்படி. திட்டினேன், அழுதேன், வாயில் திணித்தேன். இரண்டு கவளம் போனது.

அக்டோபர் 12, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

புதன்கிழமை அட்மிட். வயிற்று வழி. முடிவாகிவிட்டது. கவி மூன்று மாதம் இங்கேயே. மாப்பிள்ளை சரி என்றுவிட்டார், பிள்ளைகளை அவர் அம்மா பார்த்துக்கொள்வார். எடுத்துப் போக: ரிப்போர்ட், ஆதார், நைட்டி மூன்று, பி.பி. மாத்திரை, சொம்பு.

இரண்டு வருடத்தில் முதல் தடவை நிம்மதியாக மூச்சு விட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். கவி அப்பாவை நாற்காலியில் வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போனாள். தண்ணீர் சத்தம் இல்லை. ரொம்ப நேரம். வெளியே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் அகட்டி நடந்தாள்.

"இன்னாடி?"

"ஒண்ணும் இல்லமா."

"கவி."

"மூலம்மா. சின்னவன் பொறந்ததுலருந்து. இங்க வந்து கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சி, அவ்ளோதான்."

"காட்டு."

"சீ, போமா."

"காட்டுன்னு சொன்னேன்."

கதவைச் சாத்தினேன். டார்ச் எடுத்தேன். முக்கச் சொன்னேன். அவள் முகத்தை மூடிக்கொண்டாள். வளையம் வளையமாக மடிப்பு.

இரண்டு பேரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தோம். புதன்கிழமை இவளையும் காட்டவேண்டும் என்று மட்டும் சொன்னேன். யாருக்கு முதலில் ஆபரேஷன், யாருக்குப் பிறகு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த அறையிலிருந்து இவர், "ஏய்."

எழுந்தேன். அவளும் எழுந்தாள்.

"நீ உக்காருடி."

"நீ உக்காருமா."

அவர் மறுபடி கூப்பிடுகிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.