என் அறை எந்த வகுப்பில்

2003 மார்ச் 9, ஞாயிறு. அலுவிகாரை.

வீட்டைத் திருத்திக் கட்டப் போகிறோம். பிளானைக் கண்டியில் ஒருவரிடம் கொடுத்து வரைவிக்கலாம் என்றான் மகன். நானாகக் கற்றுக்கொண்ட கணினி வரைதல் ஊரார் வீட்டுக்கு ஆகும், சொந்த வீட்டுக்கு ஆகாதாம். விடவில்லை, நானே வரைந்தேன்.

திரையில் ஒவ்வொரு சுவரையும் ஒரு வகுப்பில் போடவேண்டும்: இருப்பது, இடிப்பது, புதியது. ஒரு வகுப்பை அணைத்தால் அதில் உள்ளதெல்லாம் மறைந்துவிடும். என் வேலை அறையை முதலிலேயே "இருப்பது" வகுப்பில் போட்டுவிட்டேன். மனைவி செல்விக்கு அந்த இடத்தில்தான் கக்கூஸ் வேண்டுமாம்.

"மழையில டார்ச்சும் குடையுமா கொல்லைக்குப் போய்ட்டு வர என் முழங்காலால முடியாதுங்க," என்றாள்.

அறையை விட எனக்கு மனமில்லை. "பேச்சுவார்த்தை" என்று நான்காவது வகுப்பு ஒன்றைத் திறந்து, அறையை அதில் போட்டுக் காட்டினேன்.

சிரித்துவிட்டாள். "நாட்டுல நடக்கிற சமாதானப் பேச்சுவார்த்தையே போதும். அது முடியிறதுக்குள்ள நான் வழுக்கி விழுந்துருவேன். இடிக்கிறதுல போடுங்க."

போன மழையில் விழத்தான் பார்த்தாள். போட்டேன். அதே இடத்தில் கக்கூஸைப் "புதியது" வகுப்பில் வரைந்து, "இடிப்பது" வகுப்பை அணைத்ததும் அறை மறைந்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் வந்து நின்றது. கைதட்டினாள்.

அதற்காக நான் தோற்றுவிட்டதாக யாரும் நினைக்கவேண்டாம். என் மேசை இன்னும் "இருப்பது" வகுப்பில்தான் இருக்கிறது. புதிய பிளானில் அது கக்கூசின் நடுவே நிற்கிறது. அதை எங்கே நகர்த்துவது என்று நாளைக்கு அவளும் மகனுமே வந்து என்னிடம் கேட்கட்டும்.