விற்க மாட்டேன் என்று சொன்னேன்

அன்புள்ள ருக்குவுக்கு,

உன் கால்வலி குறைந்ததா? இங்கே தீவில் மழை விடவில்லை.

நீ ஊருக்குக் கப்பலேறும்போது, "வீட்டை விக்க மாட்டேன்னு நம்ம பையன் பிரேம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்புறம் நான் வர்றேன்" என்றாய். அதற்காகத்தான் லம்பா லைன் பக்கம் ஒரு ஸ்டாண்ட்-அப் காமெடி வகுப்பில் சேர்ந்தேன். மேடையில் பேசிப் பழகினால் பயம் போகும் என்றார்கள். சொல்லித்தரும் பெண் ஸ்வேதா, "எதைக் கண்டா உங்களுக்கு பயமோ, டர் ஆகுதோ, அதையே ஜோக்கா பேசுங்க அங்கிள்" என்றாள்.

எழுதினேன், திருத்தினேன், மனப்பாடம் செய்தேன். சனிக்கிழமை மேடையேறி, பெற்ற மகனிடம் பேசப் பயப்படும் ஒரு தகப்பனைப் பற்றி இந்தியில் பேசினேன். வங்காளிகளும் தெலுங்கர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் பிரேம்தான். யாரைப் பற்றிப் பேசினேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் வீடு வாங்க வந்தவரோடு வந்து நின்றான். நான் எழுந்து, "இந்த வீட்டை நான் விக்க மாட்டேன்டா" என்றேன். குரல் நடுங்கவில்லை, ருக்கு. அந்த வகுப்பு வீண் என்று சொல்ல மாட்டேன்.

பிரேம் வந்தவர் பக்கம் திரும்பிச் சிரித்தான். "அப்பா இப்ப காமெடியன், பாய்சாப். டைமிங் பிரமாதம்பா" என்றான். வந்தவர் கைதட்டிவிட்டு, அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். நானும் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா? என்மேல்தான்.

அவர் சுவர்வரை போனதும் கையை விட்டேன். நாடா விர்ரென்று சுருண்டு அவர் விரலில் அடித்தது. யாரும் சிரிக்கவில்லை. பிரேம் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

இதைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு நீ வருவாயா?

உன் பதிலுக்காக,
உன் வீட்டுக்காரன்