கற்காலப் பையனின் சிரிப்பு

ஜூன் 3, செவ்வாய்

அருங்காட்சியகத்திலிருந்து போன். கற்காலக் கூடத்தைப் பிரிக்கப் போகிறார்களாம். "சார் செஞ்ச சிலைங்க. சாரே வந்து கழட்டிக் குடுத்தா நல்லாருக்கும்." இவரிடம் சொன்னேன். "ஆள விடச் சொல்லு" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். பைக்கில் போன எங்கள் பிள்ளை திரும்பி வராத நாளிலிருந்து அந்த வாசலையே மிதிப்பதில்லை.

ஜூன் 5, வியாழன்

நான் மட்டும் போனேன். வழக்கம்போல இவருக்குத் தெரியாமல்தான். யானை எலும்புக்கூட்டைத் தாண்டி, பழம்பானைகளைத் தாண்டிப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என் பிள்ளை. எட்டு வயசில் அவனுக்கு இருந்த முகம்.

அப்போது சிலைக்கு முக அச்சு எடுக்க வேறு பிள்ளை கிடைக்காமல் இவனையே படுக்க வைத்தார். மூக்கில் ஸ்ட்ரா சொருகி, முகமெல்லாம் பிளாஸ்டர். "சிரிக்காதடா, அச்சு கெட்டுடும்!" சொன்னதும்தான் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டோரம் தூக்கியபடியே இறுகிவிட்டது. "கற்கால மனுஷன் சிரிச்சானா?" என்று மேலதிகாரி கேட்க, "சிரிக்காம எப்படி சார் பொழைச்சிருப்பான்?" என்றாராம். அப்போதெல்லாம் எவ்வளவு வாய் இவருக்கு!

கூடத்து மூலையில் கடப்பாரை சாத்தியிருந்தது.

ஜூன் 6, வெள்ளி

சண்டை. "நீங்க போகலன்னா அவன் மூஞ்சிய இடிச்சுப் போடுவாங்க. உங்களுக்கு என்ன கல்லு மனசா?"

"அது பொம்மைடி. அவன் போயிட்டான்."

பொம்மையாம். போட்டோவில் தட்டையாகத்தானே இருக்கிறான்? அங்கேதான் மூக்கும் முழியுமாக முழுசாக இருக்கிறான். அதுவும் போய்விட்டால் நான் எங்கே போய்ப் பார்ப்பேன்?

ஜூன் 8, ஞாயிறு

சண்டை தீரவில்லை. சோறும் இறங்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். உளிப் பையைக் காணோம். பிள்ளையின் கட்டிலில் இருந்த போர்வையையும் காணோம்! அவன் வாசம் போய்விடுமென்று துவைக்காமல் வைத்திருந்தேனே. என்ன மனுஷன் இவர்? வரட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன்.

சாயங்காலம் வந்தார். தலையெல்லாம் வெள்ளைத் தூசி.

"ஒரு கீறல் விழாம கழட்டிட்டேன். கீழ ஸ்டோர்ல வெச்சாச்சு."

"போர்வை எங்க?"

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "அங்க எந்நேரமும் ஏசி ஓடுது. சும்மா எப்படி விட்டுட்டு வர்றது?"

"தூக்கத்துல காலால உதைச்சுத் தள்ளிடுவானே" என்றேன்.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து, அப்படி ஒரு அழுகை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஓரத்த அடியில சொருகிட்டுத்தான் வந்தேன்" என்றார்.