வாய் தைத்த சாக்கு

கொச்சிக்கடை
12.03.2024

அன்புத் தம்பி பலீல்,

நீயும் பிள்ளை லுத்பியாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று அந்தோனியாரிடம் கேட்டுக்கொண்டு இதைச் சொல்கிறேன். எழுதுவது மருமகள் றேணுகா. வெள்ளவத்தையில் துணிக்கடை வேலைக்கு வரும்போது கையோடு கொண்டுவந்து தருவாள். ரெலிபோனில் நீ கதைப்பது எனக்கு விளங்காது. காது அப்படி.

வேலையால் நிறுத்திப்போட்டார்கள் என்று என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். மறுநாள் உன் லொறியை வேறொருவன் ஓட்டிக்கொண்டு நான் காவல் நிற்கும் கேற்றுக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரியும். ஹோர்னை அமத்தினால் கையை எடுக்கிறானில்லை. உன்னைப்போல் சின்னதாய் இரண்டு தரம் அடிக்க யாருக்கு வரும்?

நடந்ததைச் சொல்கிறேன். உன்னை நிறுத்துவதற்கு முதல் புது மனேஜர் ஜீவராஜ் சேர் என்னைக் கூப்பிட்டார்.

"ஹியூபேட், சனிக்கிழமை பலீல் கேற்றால சீனி மூட்டை கொண்டு போனவரா?"

"ஓம் சேர். ஆனா அது..."

"ஆனா ஊனா வேணாம். கொண்டு போனவரா, இல்லையா?"

"கொண்டு போனவர்."

ஒரு தாளில் பெருவிரல் வைக்கச் சொன்னார். வைத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று வாசித்துக் காட்டவில்லை.

கிழிந்த மூட்டையால் கொட்டுண்ட சீனியைக் கூட்டி அள்ளினால் அது லொறிக்காரருக்கு. பழைய முதலாளி காலத்து வழக்கம். புதியவருக்கு எங்கே தெரியும்? போன டிசம்பர், நத்தாருக்கு முதல் நீ அப்படிக் கொண்டு போய், மட்டக்குளி பஸ்ஸில் கயிறு அவிழ்ந்து, சீனியெல்லாம் சனத்தின் காலுக்குள் கொட்டுண்டு, கொண்டக்டர் சிங்களத்தில் உன் பரம்பரையையே இழுத்துப் பேசினானே! நீ அதை நடித்துக் காட்டியபோது நான் குடித்த தேத்தண்ணி மூக்கால் வந்தது.

கால் வீக்கம் அப்படியேதான். பதில் போடு.

உன் அண்ணன்
ஹியூபேட்


வெள்ளவத்தை
20.03.2024

அன்புள்ள ஹியூபேட் அண்ணனுக்கு,

இறைவன் காவலில் இருக்கிறோம். உங்கள் காலை நினைத்துத்தான் கவலை. உப்புத் தண்ணீரில் வைக்கச் சொன்னேனே, வைக்கிறீர்களா?

அன்று லொறியை நிறுத்திவிட்டு இறங்கவும் கையில் கடிதம் தந்தார்கள். களவு எடுத்தாய், இன்றோடு வேலை இல்லை என்று. "சேர், நான் சொல்றதையும் ஒருக்கா கேளுங்களன்" என்றேன். "சாட்சி இருக்கு, நீ போ" என்றார். அந்தச் சாட்சி யாரென்று உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

கோபம் இல்லை அண்ணன். ஆனால் அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

லோயரிடம் போனேன். குற்றத்தைச் சொல்லி, விசாரணை வைத்து, என் பக்கத்தையும் கேட்டுத்தான் நிறுத்த வேண்டுமாம். தொழில் நியாய சபையில் வழக்குப் போட்டிருக்கிறோம். கொம்பனி பக்கத்தில் உங்களைக் கூப்பிடுவார்கள். கூட்டி அள்ளின சீனி என்று சொல்லுங்கள். அது போதும். லுத்பியாவின் மாமியார் வீட்டில் என் முன்னால் பணப்பெட்டி திறக்க யோசிக்கிறார்கள். எனக்கு வேலையைவிட அதுதான் வேண்டும்: நான் கள்ளன் இல்லை என்று ஒரு ஆள் சொல்ல வேண்டும்.

தம்பி
பலீல்


கொச்சிக்கடை
02.04.2024

அன்புத் தம்பி பலீல்,

இதைச் சொல்லாமல் விட்டால் நான் உன் அண்ணன் இல்லை.

கூட்டி அள்ளின சீனியை எல்லாரும் கயிற்றால்தான் கட்டுவார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. கண்ணில் பட்டது மறக்காது. அன்று நீ தோளில் வைத்துக்கொண்டு போன சாக்கின் வாய் தைத்திருந்தது. முழு மூட்டைதான் தைத்து வரும்.

உன்னை நான் குறை சொல்லவில்லை. இந்த விலைவாசியில் மனுசன் என்ன செய்வான்? பேரப்பிள்ளையும் வந்துவிட்டது. நான் அப்பவே மன்னித்துவிட்டேன். ஆனால் சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொல்ல என்னால் ஏலாது. கண்டதைச் சொல்வேன். அதோடு, உன்னிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, அது அநியாயம் என்றும் சொல்வேன். சேர் கோபித்தாலும் சொல்வேன்.

கோபிக்காதே.

ஹியூபேட் அண்ணன்


வெள்ளவத்தை
18.08.2025

ஹியூபேட் அண்ணனுக்கு,

உங்கள் போன கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. நியாய சபையில் நீங்கள் சாட்சி சொல்லிவிட்டு வெளியே போனபோதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சொன்னபடியே இரண்டையும் சொன்னீர்கள். வாய் தைத்திருந்தது என்றீர்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை என்றும் சொன்னீர்கள். அதற்கு நன்றி.

பிறகு என் முறை வந்தது. தலைவர் அம்மா கேட்டார், "ஏன் தைத்தீர்கள்?" ஒரு வருசத்துக்கு மேல் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பஸ்ஸில் கயிறு அவிழ்ந்து வெட்கப்பட்டதைச் சொன்னேன். அதற்குப் பிறகு கொண்டு போன முதல் சாக்கு அது. சாக்கூசி வாங்கி நானே தைத்தேன். மூட்டைக் கணக்கு எழுதும் ஸ்டோர்ஸ் கிளாக் டிலானும் வந்து, அங்கே ஒரு மூட்டையும் குறையவில்லை என்றான். அவனிடமும் அதுவரை ஒருவரும் கேட்கவில்லையாம்.

போன கிழமை தீர்ப்பு. நிறுத்தியது அநியாயம். மாமியார் வீட்டில் இப்போது பிரியாணி போடுகிறார்கள்.

வேலைக்குத் திரும்பப் போவதா, நட்ட ஈடு எடுப்பதா என்று கேட்டார்கள். நட்ட ஈடு எடுத்தேன். வேலைக்கு வந்தால் தினமும் உங்கள் கேற்றால்தான் லொறியை எடுக்க வேண்டும்.

மனேஜருக்கு நான் யார்? அப்போது அவர் வந்தே இரண்டு மாதம். கேட்காமல் விட்டார். அந்தப் பஸ் கதையைக் கேட்டுத் தேத்தண்ணி மூக்கால் வரச் சிரித்தவர் நீங்கள். நீங்களும் கேட்கவில்லை. கேட்காமலே மன்னித்தீர்கள். நான் செய்யாததற்கு மன்னிப்பு எனக்கு எதற்கு அண்ணன்?

காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலீல்


கொச்சிக்கடை
24.08.2025

தம்பி பலீல்,

உன் கடிதத்தை றேணுகா வாசித்தாள். முடிவுக்கு வந்ததும் அவளே நிறுத்தி என்னைப் பார்த்தாள். கயிறு அவிழ்ந்த கதையும் என் தலைக்குள்தான் இருந்தது, தைத்த சாக்கும் என் தலைக்குள்தான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

நேற்று நேரில் வந்தேன். கோல் றோட்டில் இறங்கி நீ இருக்கும் தொடர்மாடி வரைக்கும் நடந்தேன். லுத்பியா கதவைப் பாதி திறந்து, "வாப்பா வீட்டில இல்ல, அங்கிள்" என்றது. உள்ளே உன் செருப்பு கிடந்தது. பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தது நான்தான். திரும்பிவிட்டேன்.

அங்கே சொல்ல வந்ததை இதில் எழுதச் சொல்கிறேன். பதில் எனக்குத் தெரியும். நீ போடாமல் விட்டாலும் சரி. கேட்க வேண்டிய நாளில் கேட்காதவன் நான், அதனால் கேட்கிறேன்.

தம்பி, அன்றைக்கு அந்தச் சாக்கை ஏனடா தைத்தாய்?

ஹியூபேட்